விளையாட்டிலிருந்து நோயைத் தூக்கிவிட வேண்டாம்: எங்கள் ஞாயிறு மேசைக்கு ஒரு திறந்த மடல்

சேலம் அஸ்தம்பட்டி மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கதை விளையாட்டுக்குப் பகடை உருட்டும் நண்பர்களுக்கும், அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்தி எங்கள் பாத்திரங்களைக் கொல்லப் பார்க்கும் டி.எம். அண்ணனுக்கும் வணக்கம்.

அடுத்த கேம்பெயினில் (தொடர்கதையில்) 2014 நூலை விட்டு 2024இல் வந்த புதிய விதிகளுக்கு மாறிவிடலாம், நோய் என்கிற தொல்லையையும் அத்தோடு விட்டுவிடலாம் என்று போன வாரம் பேசினீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை.

பழைய விதி சப்பென்று இருந்தது உண்மைதான். அதில் அடிபட்டவனே நான்தான். என் பாத்திரமான ரோக்கை, அதாவது திருடனை, சாக்கடையில் எலி கடித்தது ஞாபகம் இருக்கும். 2014 நூல்படி சாக்கடைக் கொள்ளைநோய் வந்தால் சில நாள் கழித்துக் களைப்பு ஏறும். இரவு முழுக்கத் தூங்கினாலும் ஒரு ஹிட் பாயின்ட்கூட (உயிர்ப்புள்ளி) திரும்பாது. தினமும் காலையில் பகடை உருட்டி 11ஐத் தொட வேண்டும். தோற்றுக்கொண்டே போய் ஆறாவது களைப்பு நிலையைத் தொட்டால் சாவு. நல்ல பயம்! ஆனால் அண்ணன் அதைப் படித்து முடிப்பதற்குள் நம் பாலடின், அதாவது தெய்வ அருள் பெற்ற வீரர், என் தலையில் கையை வைத்தார். அவருடைய குணப்படுத்தும் புள்ளியில் ஐந்து கழிந்தது, நோய் போயிற்று. நான் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

இப்போது புதிய நூலில் பாலடினின் தொடுகை விஷத்தை இறக்குவதோடு நின்றுவிட்டது. மாயத் தொற்று என்று சிலதை மட்டும் வைத்துக்கொண்டு, நோயை மொத்தமாக ஓரங்கட்டிவிட்டார்கள். எனக்கு இது தலைவலிக்குத் தலையை எடுக்கிற கதையாகத் தெரிகிறது. தொடுகையில் கோளாறு இல்லை. நோயை ஒற்றை ஆளின் கேரக்டர் தாளில் எழுதினோம், அங்கேதான் தப்பு. அதை ஊருக்குள் எழுத வேண்டும்.

சின்ன வயதில் அம்மாபேட்டையில் எனக்கு அம்மை போட்டது. வீட்டில் யாரும் நோய் என்று சொல்லவில்லை, 'அம்மா வந்திருக்கா' என்றுதான் பேச்சு. வாசலில் வேப்பிலை செருகியதும் தெருவே நடையை மாற்றிக்கொண்டது. சொந்தக்காரர்கள் திண்ணையோடு திரும்பினார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றது. ஏற்கெனவே அம்மை கண்ட அத்தை மட்டும் உள்ளே வந்து பக்கத்தில் இருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் அந்த வீட்டுக்குத் தனிச் சட்டம். இத்தனைக்கும் சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். வேப்பிலை ஏறும்போது அடுத்த வீட்டுப் பையனுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இரண்டு வாரத்தில் அவன் வாசலிலும் வேப்பிலை. அவன் அம்மா என் அம்மாவிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதில் எந்த டிராகன் சண்டைக்குக் குறைச்சல்?

இனி கணக்குக்கு வருகிறேன். அனுபவத்தில் ஐந்தாம் நிலைக்கு வந்த பாலடினிடம் ஒரு நாளைக்கு இருப்பது 25 புள்ளி, ஆளுக்கு ஐந்து என்றால் 5 பேர். மலையூரில் 60 பேர் படுத்திருந்தால் 12 நாள். கிணறு கெட்டுக் கிடந்து தினமும் புதிதாக 6 பேர் விழுந்தால்? 12ஆம் நாள் 72 பேர். கை வைத்துக்கொண்டே இருக்கலாம், ஊர் தேறாது. யாராவது போய்க் கிணற்றைப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த 25 புள்ளியில் சண்டைக்காயத்துக்கு மிச்சம் கிடையாது. யாரை முதலில் தொடுவது, பூசாரியின் பேரனையா, கூலிக்காரியையா என்று நம் பாலடின் வாசலில் நின்று விழிக்கிறதை நான் பார்க்க வேண்டும். பழைய நூல்படி மூன்றாம் நிலையிலிருந்து அவருக்கு நோயே தொற்றாது என்பதால் என் அத்தை செய்த வேலையும் அவர் தலையில்தான். புதிய விதிகளுக்கே மாறுவோம், சரி. தொடுகை விதியையும் இந்தத் தொற்றா விதியையும் மட்டும் பழைய நூலிலிருந்து தூக்கி வருவோம்.

அண்ணன் இந்த முறை ஏற்காட்டை வைத்து வரைபடம் போட்டிருக்கிறார். ஏரி, காப்பித் தோட்டம், 20 கொண்டை ஊசி வளைவு, எல்லாம் இருக்கிறது, மலைக்காய்ச்சல்தான் இல்லை. மலேரியாவில் ஒரு வகை ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலுமாக வரும். முறைக்காய்ச்சல் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நடுநாளில் ஆள் எழுந்து நடமாடுவான். அப்படியானால் வளைவு ஏறுவதற்கு நாள் பார்க்க வேண்டும், எதிரியும் நம் காய்ச்சல் நாளை எண்ணிக்கொண்டிருப்பான். இந்த வகைக் கிருமி ஈரலில் ஒளிந்து மாதக்கணக்கில் தூங்கி மறுபடி எழும். தொடுகை காய்ச்சலை இறக்கட்டும், ஈரலில் தூங்குவதை எழுப்பவோ எடுக்கவோ அதனால் முடியாது என்று வைத்துக்கொள்ளலாம். (டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டம். அது இன்னொரு கேம்பெயினுக்கு.)

ஒரு விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். நம் மேசையில் ஒருவர் 2021இல் அப்பாவை இழந்தவர். போன வாரம் இந்தப் பேச்சு வந்தபோது அவர் பகடையை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நோயை விட்டுவிடலாம் என்று முதலில் சொன்னது அவர் இல்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது அவரை. தனியாக, எல்லார் முன்னாலும் இல்லை. வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் இந்த மடலைக் கிழித்துப் போடுங்கள். பரவாயில்லை என்றாலும் மூச்சுத்திணறலும் பூட்டிய ஆஸ்பத்திரிக் கதவும் நம் கதையில் வர வேண்டாம்.

அவர் சம்மதித்தால் ஒரே ஒரு செஷன் சோதித்துப் பார்ப்போம். முதல் வளைவுக்கு மேலே ஒரு வீடு, வாசலில் வேப்பிலை, உள்ளே யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். போரடித்தால் அன்றைக்கு எல்லாருக்கும் தட்டுவடை செட் என் செலவு.

இப்படிக்கு,
எலி கடித்த ரோக்