அப்பா இன்று சாப்பிட்டார்

அப்பா இன்று காலை இரண்டு இடியப்பம் சாப்பிட்டார், சொதி விட்டு. அன்று மடத்தில் பந்தியில் இருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தொண்டையில் சாப்பாடு அடைத்து மூச்சு முட்டியது உங்களுக்குத் தெரியும், அதை முழுதாகத் திரும்ப எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

தம்பி, செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தவர்களை மறித்து, 1990 அம்புலன்சுக்குக் கோல் அடிக்கச் சொல்லி, அப்பாவை முன்னுக்குச் சாய்த்து முதுகில் ஐந்து தரம் தட்டினீர்கள். அப்புறம் பின்னால் நின்று, பொத்திய கையைத் தொப்புளுக்கு மேலே வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாக இழுத்தீர்கள். அப்பாவின் மூச்சு திரும்பியது உங்களால்தான். வயிற்றை அழுத்தியதால் உள்ளே காயம் பட்டிருக்கலாம், டொக்டர் பார்க்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் நீங்கள்தான்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த அப்பா சோற்றைத் தொடவில்லை. விழுங்கப் பயம். கஞ்சியைக்கூட வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். அம்மா குசினிக்குள் நின்று அழுதார்.

சுகம் விசாரிக்க வந்த நீங்கள், "ஐயா, எனக்கும் பசிக்குது, சேர்ந்து சாப்பிடுவம்" என்று பக்கத்தில் இருந்துவிட்டீர்கள். புட்டைச் சொதியில் குழைத்து, அவர் ஒரு வாய், நீங்கள் ஒரு வாய். அவர் விழுங்கும்வரை நீங்கள் அடுத்த வாய் எடுக்கவில்லை. வாயில் சாப்பாடு இருக்கும்போது பேச்சும் கொடுக்கவில்லை. வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை, மணிக்கூட்டை ஒருதரமும் பார்க்கவில்லை. கோப்பை வெறுமையானதும் அப்பா இன்னும் கொஞ்சம் கேட்டார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

மடத்து அண்ணைமார், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தந்த சிறுவர்கள், அம்புலன்சில் வந்தவர்கள், தாதிமார், கனடாவிலிருந்து விடியவிடிய அழைத்த மச்சாள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

தம்பி, ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது, முதுகில் தட்டி நெஞ்சைத்தான் அழுத்த வேண்டும் என்று அன்று போகும்போது சொன்னீர்கள். இருமக்கூடியவரை இருமவே விட வேண்டும் என்றும் சொன்னீர்கள். கச்சானும் பனங்கிழங்கும் இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது? இதை எல்லோரும் பழக வேண்டும். சனசமூக நிலையத் தலைவரோடு கதைத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் தருகிறார். பாயும் தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு, நானும் அம்மாவும் முன்வரிசையில் இருப்போம். உங்களுக்கு வசதியான நாளை மட்டும் சொல்லுங்கள்.