கிரிக்கெட் சங்க ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. லீக் ஆட்டங்கள் உரிய காலத்தில் நடந்து முடிந்தன. கிழிந்த மேட்டிங் மாற்றப்பட்டது. கோடை முகாமும் பரிசளிப்பும் நடைபெற்றன.

அடுத்து, நான் முன்மொழிந்து இவ்வாண்டு தொடங்கிய பயிற்சியாளர் திட்டம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. லீக் ஆட்டக்காரர் ஒருவரைப் பயிற்சியாளராக வைத்து மாதச் சம்பளம் கொடுப்பது எதற்கு, பெயர் பெற்ற வீரர் ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் பரத் அருணை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவுக்காக அவர் ஆடியது 2 டெஸ்ட், 4 ஒருநாள் ஆட்டங்கள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முன்னணிப் பந்துவீச்சாளர்கள் காயத்தால் விலகியிருந்தபோது, இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் அவர்தான். அறிமுக டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள். தொடர் 2-1 என நம் வசமானது.

டபிள்யூ.வி. ராமனின் வாழ்க்கை இன்னும் தெளிவான பாடம். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகத் தொடங்கித் தொடக்க ஆட்டக்காரரானவர். 1988-89 ரஞ்சிப் பருவத்தில் கோவாவுக்கு எதிராக 313 ரன். பருவம் முழுவதற்கும் 1,018. 1992இல் செஞ்சூரியனில் ஒருநாள் சதம். அப்படிப்பட்டவருக்கு வாய்த்தவை 11 டெஸ்டுகள்தான், அதிகபட்சம் 96. தமிழ்நாடு, பெங்கால் அணிகளைப் பயிற்றுவித்த பிறகு இந்திய மகளிர் அணியின் பொறுப்பேற்றார். 2020 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்காக மெல்போர்னில் 86,174 பேர் முன்னிலையில் அந்த அணி களமிறங்கியது. தோற்றாலும், அதற்கு முன் அந்தக் கோப்பையின் இறுதிக்கு அது வந்ததே இல்லை. அணிக்குள் வருவதும் வெளியே உட்காருவதும் தெரிந்தவர், வெளியே உட்காரும் பையனிடம் பேசத் தகுதியுள்ளவர் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பயிற்சியாளரும் அந்த இனத்தவரே. முன்காலைக் குறுக்கே வைத்து, பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ ஆகிக்கொண்டே இருந்தான் ஒரு சிறுவன். இவர் திட்டவில்லை. கால் விழும் இடத்தில் தன் கையுறையைக் கிடத்திவிட்டு, சில அடி தூரத்தில் முழங்காலிட்டுப் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். கையுறையை மிதிக்காமல் ஆடத் தொடங்கியதும் பந்து நேராக, பந்துவீச்சாளருக்கு அருகே மிட்-ஆன் பக்கம் போயிற்று. இதை நேரில் பார்த்த உறுப்பினர்கள் மிகச் சிலர். மாலை நேரத்தில் நெட் பக்கம் வந்து நிற்கக்கூட மற்றவர்களுக்கு மனம் வரவில்லை.

சந்தா பற்றியும் சொல்லியாக வேண்டும். பாக்கி வைத்திருப்போரில் சிலருடைய பிள்ளைகள் இதே நெட்டில்தான் ஆடுகிறார்கள். நினைவூட்டல் கடிதங்களுக்குப் பதில் இல்லை. அதனால் பயிற்சியாளரின் சம்பளம் சில மாதங்களில் தாமதமானது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நெட் கட்ட எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். பெயர் சொல்வது மரபல்ல என்பதால் பட்டியலை வாசிக்கவில்லை.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வைப்பார். செலவு வரவைச் சற்று மிஞ்சியது, நன்கொடையால் சமாளித்தோம்.

தலைவர், பொருளாளர், நடுவர்கள், மைதானப் பணியாளர்கள், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நம் பயிற்சியாளரை முதல் நிலைப் பயிற்சிச் சான்றிதழுக்கு அனுப்ப எண்ணம். கட்டணமும் அவர் இல்லாத நாட்களுக்கான ஏற்பாடும் சந்தா வசூலைப் பொறுத்தவை. இப்பொறுப்பில் நானே தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. யார் வந்தாலும் இத்திட்டத்தைக் கைவிடக் கூடாது. பொதுக்குழு விரும்பினால் இன்னும் ஓராண்டு இதை நடத்தித் தர ஆயத்தமாக இருக்கிறேன். பொருளாளர் கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் இங்கேயே இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்