பால்குடி உறவும் தாய்ப்பால் வங்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்ப்பால் தானம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, முஸ்லிம் குடும்பங்கள் அதற்குத் தயங்குவதை அறியாமை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது, ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள் ஒருவரையொருவர் மணக்கக் கூடாது என்ற இஸ்லாமியத் திருமணச் சட்டம்.

யாரை மணக்கக் கூடாது என்று சொல்லும் திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயத்து 23ஆம் வசனம், பாலூட்டிய தாயையும் பால்குடிச் சகோதரியையும் அந்த வரிசையில் சேர்த்தே சொல்கிறது. பாலூட்டியவர் எந்த மதத்தவராயினும் பால் குடித்த குழந்தைக்குத் தாயாகிறார். அவருடைய கணவர் தந்தையாகிறார். கூடவே பால் குடித்த பிள்ளை மட்டுமன்றி, அந்தப் பெண்ணுக்கு அதற்கு முன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகள் அனைவருமே அக்குழந்தைக்கு உடன்பிறப்புகளாகிறார்கள். ஆனால் சொத்துரிமை வருவதில்லை. அவரிடம் பால் குடிக்காத, அக்குழந்தையின் அண்ணன் தம்பிகளுக்கு இந்தத் தடையும் இல்லை. (ஊர்ப் பெரியவர்களே இதை மறந்து நல்ல சம்பந்தங்களைத் தட்டிவிடுவதுண்டு.)

கூடலூர், பந்தலூர் பகுதியில், இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஹனஃபி வழியினரான ராவுத்தர்களும் ஷாஃபிஈ வழியினரான மாப்பிள்ளைமாரும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறோம். பால்குடிப் பருவத்தில் ஒரு மிடறு இறங்கினாலே உறவு உண்டு என்பது ஹனஃபி சட்டம். இரண்டு வயதுக்குள் தனித்தனியாக ஐந்து முறையாவது குடித்திருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஆகவே, தாய் தேயிலை பறிக்கப் போயிருந்த நேரத்தில் அடுத்த லைன் வீட்டுப் பெண் அழுத குழந்தைக்கு ஒருமுறை பால் கொடுத்திருந்தால், அது ஒரு குடும்பத்துக்கு உறவு, இன்னொரு குடும்பத்துக்கு உறவல்ல. நபிகள் நாயகம் (ஸல்) காலத்திலேயே உக்பா இப்னு அல்ஹாரிஸ் என்பவர் மணமுடித்த பிறகு, தம்பதியர் இருவருக்கும் தானே பாலூட்டியதாக ஒரு பெண் வந்து சொல்ல, அவர் மனைவியைப் பிரிய நேர்ந்ததை புகாரி நபிமொழித் தொகுப்பில் காணலாம்.

தாய்ப்பால் வங்கிகளில் வழக்கமாகப் பல தாய்மாரின் பாலைக் கலந்து, 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். யாருடைய பால் யாருக்குப் போனது என்பது குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) அகாடமி இத்தகைய வங்கிகள் கூடாது என்றது இதனால்தான். மார்பில் நேரடியாகக் குடித்தால் மட்டுமே உறவு ஏற்படும் என்று வாதிட்டு, மார்க்க அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவி அவற்றை அனுமதித்தார். பீய்ச்சி எடுத்த பாலைப் புகட்டினாலும் உறவு ஏற்படும் என்பதே பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் முடிவு.

குறைமாதக் குழந்தைக்குப் பால் மறுக்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் குடும்பத்துக்கு மட்டுமாவது, பிறர் பாலோடு கலக்காமல் ஒரே தாயின் பாலைக் கொடுத்து, இரு தரப்பும் சம்மதித்தால் பெயர்களை எழுத்தில் தரலாம். பதப்படுத்தும் முறையை மாற்ற வேண்டியதில்லை. ஜமாஅத்துகளும் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களுக்குத் தாயல்லாத வேறு யாரேனும் பாலூட்டியதுண்டா என்ற கேள்வியைச் சேர்த்து, பெண் பேசும் கட்டத்திலேயே இரு வீட்டாரிடமும் அதைக் கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.