இறை இரக்க ஞாயிறுக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும்

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறில் வரும் இந்தத் திருநாள் முடிந்து மூன்று நாளாகிறது, பந்தல் கம்புகள் இன்னும் என் வீட்டு மதிலோரம்தான் கிடக்கின்றன, அவற்றைப் பார்க்கப் பார்க்க ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லையே என்று உறுத்துகிறது.

முதலில் அம்மாமாருக்கு. பெரிய வெள்ளியன்று தொடங்கிய நவநாளுக்கு ஒன்பது நாளும், திருகோணமலையின் இந்தக் கொதிக்கிற வெயிலில், சரியாக மூன்று மணிக்கு வந்து முழந்தாளிட்டீர்கள். நாலரைக்கு மாற்றுவோமா என்று கேட்டது நான்தான். ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தை உன் வசதிக்கு மாற்றுவாயோ என்று ஒரு ஆச்சி கேட்டா, அதோடு சரி, வாயை மூடிக்கொண்டேன்.

பாலையூற்றிலிருந்து கதிரை ஏற்றி வந்த அண்ணா, டீசலுக்குத் தந்த காசை நீங்கள் உண்டியலில் போட்டதைப் பார்த்தேன். சனி இரவு பத்தரை வரை எழும்பாமல் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்ட சுவாமிமாருக்கும் நன்றி. 2000 ஏப்ரல் 30இல், இந்த இறை இரக்க பக்தியைப் பரப்பிய போலந்துக் கன்னியாஸ்திரி பவுஸ்தீனாவைப் புனிதராக்கிய அன்றுதான் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் இந்த ஞாயிறை முழுத் திருச்சபைக்கும் அறிவித்தார், எங்கள் சின்ன வயதில் இல்லாத திருநாள், ஆனாலும் வரிசை வாசல் தாண்டி நின்றது.

அப்புறம் தம்பி, உனக்கு. சனிக்கிழமை படம் விழுந்து கண்ணாடி வெடித்தது, ஆண்டவரின் நெஞ்சிலிருந்து இறங்கும் சிவப்புக் கதிருக்கும் வெள்ளைக் கதிருக்கும் குறுக்கே ஒரே கீறல். பக்கத்தில் நின்றது நீ. வந்த கோபத்தில் எல்லார் முன்னாலும் உன்னை ஏசிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், நான் அடித்த ஆணி சுவரோடு கழன்று வந்திருந்தது. நீ ஒன்றும் பேசவில்லை. ஞாயிறு விடிய ஐந்து மணிக்குப் புதுக் கண்ணாடி போட்ட படத்தோடு வந்து நின்றாய், பெருவிரலில் பிளாஸ்டர். பூசையில் தோமா சந்தேகப்பட்ட சுவிசேஷப் பகுதி, நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ என்ற இடம் வந்தபோது நீ பீடத்தருகே மணியோடு இருந்தாய், நான் தலை நிமிரவில்லை.

எல்லார் முன்னாலும் ஏசினேன், அதனால் எல்லார் முன்னாலும்தான் எழுத வேண்டும்: பிழை என்னுடையது, மன்னித்துக்கொள் தம்பி. கண்ணாடிக்கு எவ்வளவு முடிந்தது என்று உன் அம்மா சொல்கிறா இல்லை, நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன்.

கஞ்சி காய்ச்சிய பெரிய கிடாரம் யாருடையது? அடியில் சிவப்புப் பெயிண்ட் பொட்டு இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன், வந்து எடுங்கள்.