காணியும் காசும் மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் அணுமின் நிலையம் பற்றி வந்த கட்டுரையில், "கடற்கரையில் காணியும் கையில் காசும் இருந்தால் போதும்" என்றொரு வரி. அப்பாவின் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாசிக்கிற வீடு எங்களுடையது. அந்த வரி அதில் வந்ததுதான் மனதை நோகடித்தது.

அணுமின் திட்டம் தொடங்கும் நாடு ஆயத்தப்படுத்த வேண்டியவை என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் 19 விடயங்களைச் சொல்கிறது. காணியும் காசும் அதில் இரண்டு. சட்டம், பயிற்றப்பட்ட ஆட்கள், கழிவு, அவசரகால ஆயத்தம், மின்வலையமைப்பு எல்லாம் மிச்சத்தில் அடங்கும். 2022 இல் அந்த முகவரகத்தின் குழு இலங்கைக்கு வந்து பார்த்தது தாங்கள் அறியாததல்ல. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதையும் தாங்கள் முன்பக்கத்தில் போட்டீர்கள். அணு உலையை நிறுத்தினாலும் சூடு உடனே தணியாது, குளிர்விக்கக் கரண்ட் வேண்டும். ஃபுகுஷிமாவில் 2011 இல் அதுதான் இல்லாமல் போனது.

அணுமின்சாரமே வேண்டாம் என்பவன் அல்ல நான். தொண்ணூறுகளில் போத்தல் விளக்கில் பௌதிகவியல் படிப்பித்தவன். கரண்டின் அருமை தெரியும்.

ஆனால் அந்த 19 இல் சுயாதீனமான ஒழுங்குபடுத்துநர், அதாவது நிலையத்தை நடத்துபவரிடமிருந்து விலகி நின்று கண்காணிக்கும் அமைப்பு, என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் என் வயிறு எரிகிறது. சுன்னாகம் மின்நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த காலத்தில், எங்கள் கிணற்றில் வாளியை இழுத்தால் மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும், டீசல் மணக்கும். ஒரு கந்தோர் குடிக்கலாம் என்றது, இன்னொன்று குடிக்காதே என்றது. பேரப்பிள்ளைகள் கலனைத் தூக்கிக்கொண்டு பவுசருக்குப் பின்னால் நின்றார்கள். அந்த மின்நிலைய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதிக்கும்வரை, பொறுப்பு யாருடையது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வற்றாத ஆறில்லாத சுண்ணாம்புக்கல் மண் இது. கீழே இறங்கியது எந்தக் கிணற்றில் கிளம்பும் என்று யாரால் சொல்ல முடியும்? எண்ணெய்க்கே இந்தப் பாடு. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறுவேறாக்கியது நல்ல காரியம். அந்தப் பேரவைக்கு எத்தனை ஆட்கள், அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

தயவுசெய்து அந்த 19 விடயங்களையும் தமிழில், மாணவர் பக்கத்திலாவது, ஒருமுறை பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மல்லாகம்.