வீடு உங்களுடையதுதான், ஆஸ்பத்திரிப் படுக்கை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: உழைத்துச் சம்பாதித்து வாங்கிய வீடு, வரியும் ஒழுங்காகக் கட்டுகிறேன், நகரத்தில் தொற்று பரவும்போது குடும்பத்தோடு அந்த இரண்டாவது வீட்டுக்குப் போய் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று. கோபமாக எழுதியிருந்தார், ஆனால் கேள்வி நியாயமானது. மூன்று நாளாக அதே நினைப்பாக இருக்கிறது, ஏனென்றால் அவர் போய் இருக்கலாம் என்று சொல்கிற அந்த இடத்தில்தான் நான் இருந்தேன். விடுமுறைக்கு வெளியூர்க்காரர்கள் வீடு வாங்கிப் போடும் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் 22 வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்தேன், கோவிட் காலம் முழுவதும் அந்த மருந்து ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நகரத்தில் நோய் பரவத் தொடங்கிவிட்டது என்றால் கிளம்பாதீர்கள். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் அங்கேயே இருங்கள், வாரம் ஒருமுறை நகரத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு ஆள் இருக்கிறார். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு தானாகத் திறந்துகொள்வதில்லை. இரவு 11 மணிக்கு ஒரு கார் வந்து நிற்கிறது என்றால், அன்று மதியமே ஒருவருக்கு போன் வந்திருக்கும். அவர் போய் ஜன்னல்களைத் திறந்து, ஒட்டடை அடித்து, மெத்தைகளை வெயிலில் காய வைத்து, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து டேங்கை நிரப்பி, சிலிண்டரை மாட்டி, எல்லா விளக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்திருப்பார். கார் வந்ததும் பெட்டிகளை இறக்குவார், நாள் முழுக்கப் பிரயாணம் செய்த குழந்தை சிணுங்கினால் வாங்கித் தூக்கி வைத்துக்கொள்வார். மறுநாள் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து வருவதும் அவர்தான், காய்கறி வாங்கி வந்து சமையலறை மேடையில் வைப்பதும் அவர்தான். "நாங்கள் யாரையும் பார்க்கவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தோம்" என்று சொல்லும்போது இவரைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, அவர் அந்த வீட்டின் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்டார், அவ்வளவுதான்.

அப்படி ஒருவர், முதல் அலையில், ஒரு குடும்பத்துக்கு வீட்டைத் திறந்துவிட்ட எட்டாவது நாள் காய்ச்சலோடு எங்களிடம் வந்தார். மருந்துச் சீட்டைக் கையில் கொடுக்காமல் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நாலு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். "சார், வீட்ல அம்மா இருக்காங்க, ஒரே ரூம்தான்" என்றார். மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை, அம்மாவை எங்கே படுக்க வைப்பது என்றுதான் கேட்டார், என்னிடம் அதற்குப் பதில் இல்லை. நாலாம் நாள் அந்த அம்மாவை அழைத்து வந்தார்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி 84 காட்டியது, அது ஆபத்தான அளவுக்குக் குறைவு. எங்களிடம் ஆக்சிஜன் கொடுக்கும் கருவி இரண்டு, இரண்டிலும் ஆள் இருந்தார்கள். இருந்த ஒரே ஆம்புலன்சில் ஏற்றி இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போய்த் திரும்ப நாலு மணி நேரம், அந்த நாலு மணி நேரமும் ஊரில் வேறு யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மா 19 நாள் கழித்து வீடு திரும்பினார், இன்றைக்கும் பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

காரில் வந்த குடும்பம் கெட்டவர்கள் இல்லை. விஷயம் தெரிந்ததும் பதறிப்போய்ச் செலவை ஏற்கிறோம் என்று வந்தார்கள், அவர்களில் ஒருவருக்கு இரண்டு நாள் லேசான இருமல் இருந்ததாம், பிரயாணக் களைப்பு என்று நினைத்திருக்கிறார்கள். நோய் அவர்களிடமிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. கடையிலிருந்து வந்திருக்கலாம், எலக்ட்ரீஷியனிடமிருந்து வந்திருக்கலாம். ஆனால் கோவிடின் இயல்பே இப்படித்தான் இருந்தது. வைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி தெரிய அப்போது பொதுவாக ஐந்து நாள், சிலருக்கு 14 நாள் வரை ஆனது, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றிவிடும். அதனால், "எங்களுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று கிளம்புகிறவர் உண்மையாகவே அப்படி நினைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார். அந்த நினைப்பை நம்பி ஒரு ஊரே இருக்க முடியாது.

அப்புறம் படுக்கைக் கணக்கு. ஒரு ஊரில் எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வது. வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, ஆனால் அந்தப் படுக்கைக் கணக்கில் இரண்டாவது வீட்டுக்காரர் பெயர் எங்கேயும் இல்லை. நார்வே அரசு இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. அந்த நாட்டில் மலையிலும் கடலோரத்திலும் சொந்தமாக ஒரு சின்ன மரவீடு வைத்திருப்பது மிகச் சாதாரணம், அப்படி நாலு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 2020 மார்ச்சில், தன் நகராட்சிக்கு வெளியே இருக்கும் அந்த வீடுகளில் யாரும் இரவு தங்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. சிறிய நகராட்சிகளின் மருத்துவ வசதி வெளியிலிருந்து வரும் கூட்டத்தைத் தாங்காது என்பதுதான் காரணம். ஏப்ரல் 20-ஆம் தேதி தடையை எடுத்தார்கள். ஒரு மாதம்தான். அந்த மக்களுக்கு அந்த மரவீடுகள் எவ்வளவு பிரியமானவை என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமான முடிவு என்பதும் புரியும்.

தடை இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு செல்போன் கணக்கே இருக்கிறது. பிரான்சில் 2020 மார்ச் 17-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது, அதையொட்டிய ஒரே வாரத்தில் பெருநகர பாரிஸ் மக்களில் சுமார் 17 சதவீதம் பேர் வெளியேறியிருந்தார்கள் என்று ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவு காட்டியது. நியூயார்க்கில் மார்ச் 1 முதல் மே 1 வரை சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர், அதாவது நகர மக்களில் 5 சதவீதம் பேர் கிளம்பியிருந்தார்கள், மிகவும் பணக்காரர்கள் வாழும் பகுதிகளில் மட்டும் பார்த்தால் 40 சதவீதமும் அதற்கு மேலும். இத்தாலியில் மார்ச் 8-ஆம் தேதியையொட்டி, மிலான் நகரம் இருக்கும் வடக்குப் பகுதியான லொம்பார்டியை மூடப்போகிறார்கள் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்ததும் மிலான் ரயில் நிலையத்தில் தெற்கே போகும் ரயிலுக்கு மக்கள் ஓடினார்கள். தெற்கே இருந்த பகுதிகள் வந்தவர்களைத் தனிமைப்படுத்த உத்தரவு போட வேண்டியதாயிற்று. நேரத்தைப் பாருங்கள். நோய் வரும் முன் பெரும்பாலோர் போகவில்லை, நகரத்தில் அது நன்றாகப் பரவிய பிறகு, கதவு மூடுவதையொட்டித்தான் போனார்கள். போவதற்கு மிக மோசமான நேரம் அதுதான்.

ஸ்காட்லாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கேத்தரின் கால்டர்வுட், தொலைக்காட்சியில் தோன்றி வீட்டிலேயே இருங்கள் என்று மக்களிடம் சொன்னவர், எடின்பரோவிலிருந்து கடலோரத்தில் இருந்த தன் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு வாரக் கடைசிகளில் போய் வந்தார். படம் பத்திரிகையில் வந்தது, போலீஸ் எச்சரித்தது, 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி ராஜினாமா செய்தார். அவர் போனதால் யாருக்காவது நோய் பரவியதா என்பதைவிட, அன்றைக்கு வரை சொன்னதைக் கேட்டுச் சின்ன அறையில் குழந்தைகளோடு அடைந்து கிடந்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதுதான் என்னை உறுத்தியது. விதியை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டால் அப்புறம் எந்த விதியும் நிற்காது.

நண்பர் ஒருவர் நியூட்டனை எடுத்துக்காட்டாகச் சொன்னார், 1665-இல் பிளேக் வந்தபோது கிராமத்துக்குப் போனதால்தானே அவ்வளவு யோசிக்க முடிந்தது என்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள், அவர் அம்மா இருந்த வீட்டுக்குப் போனார், அது அவர் பிறந்த வீடு. படிப்பும் விடுதியும் மூடியபின் சொந்த வீட்டுக்குத் திரும்பிய மாணவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதே பிளேக் காலத்தில் இங்கிலாந்திலேயே ஈம் (Eyam) என்ற கிராமமும் இருந்தது. லண்டனிலிருந்து ஒரு தையல்காரருக்கு வந்த துணி மூட்டையோடு தெள்ளுப்பூச்சியும் நோயும் வந்து சேர்ந்தன. 1666-இல் அங்கிருந்த பாதிரியார் வில்லியம் மொம்பசன், யாரும் ஊரை விட்டு வெளியே போக வேண்டாம், அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோக வேண்டாம் என்று மக்களைச் சம்மதிக்க வைத்தார். எல்லைக் கல்லில் குழி வெட்டி வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள், வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சுமார் 260 பேர் இறந்தார்கள், பாதிரியாரின் மனைவியும் அதில் ஒருவர். அவ்வளவு பெரிய தியாகத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டது சில வாரங்கள் வீட்டில் இருக்கச் சொல்லித்தான்.

சரி, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. வந்தவர்களை ஊர்க்காரர்கள் நடத்திய விதமும் சில இடங்களில் வெட்கக்கேடாக இருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வைனல்ஹேவன் என்ற தீவில், வெளிமாநில நம்பர் பிளேட் காரில் வந்து தங்கியிருந்தவர்கள் வெளியே வர முடியாதபடி வழியில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே ஒரு மாதமாக அங்கேயே இருந்தவர்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூயார்க் நம்பர் பிளேட் போட்ட கார்களை மட்டும் போலீஸ் நிறுத்தியது, எதிர்ப்பு வந்ததும் எல்லா வெளிமாநிலத்தாருக்கும் என்று விதியை மாற்றினார்கள். வைரஸ் நம்பர் பிளேட் பார்த்து வருவதில்லை. எங்கள் ஊரிலும் ஒரு வீட்டுச் சுவரில் திரும்பிப் போ என்று கரியால் எழுதியிருந்தார்கள், நானும் என் மனைவியும் போய் அதை அழித்தோம். பயத்தில் செய்கிறார்கள் என்பது தெரியும், ஆனாலும் அப்படி எழுதப்பட்ட வீட்டில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் ஆஸ்பத்திரிக்கு வரப் பயந்து ஒளிந்துகொள்வார், அது இன்னும் ஆபத்து.

கடிதம் எழுதியவர் இன்னொன்றும் கேட்டிருந்தார், கூலி வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் போகலாம், நான் போகக் கூடாதா என்று. இரண்டையும் தயவுசெய்து ஒன்றாகப் பார்க்காதீர்கள். வேலை போய், வாடகை கொடுக்க வழியில்லாமல், அடுத்த வேளைக்கு என்ன என்று தெரியாமல் நடந்தே போனவருக்கு அந்த ஊர் வீடுதான் ஒரே வீடு. வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்றால் அவர் உடனே கிளம்ப வேண்டும், எந்த விதியும் அவரைத் தடுக்கக் கூடாது. தனியாக இருக்கும் வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றாலும் அப்படியே. காற்று நன்றாக இருக்கும், பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கும் என்ற ஆசை தவறில்லை, ஆனால் அது இந்தக் காரணங்களோடு சேராது.

உங்களுக்கு வேறு வழியே இல்லாமல் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், வழியில் எங்கும் இறங்காமல் போங்கள், இரண்டு வாரத்துக்கு வேண்டியதைக் கையோடு கொண்டு போங்கள், வீட்டைத் திறந்து வைப்பவரைச் சாவியைச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு நீங்கள் வருவதற்கு முன்பே போய்விடச் சொல்லுங்கள், அந்த 14 நாளும் அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். உள்ளூர் சுகாதார நிலையத்தில் வந்திருக்கிறோம் என்று போனில் சொல்லிவிடுங்கள். மறைத்து விளக்கை அணைத்துக்கொண்டு இருந்த வீடுகளால்தான் எங்களுக்கு அதிகக் கஷ்டம், எத்தனை பேர் ஊருக்குள் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் மருந்து எப்படிக் கேட்டு வாங்குவது? அரசும் அடுத்த தொற்று வருவதற்கு முன்பே, இப்போதே, நார்வே போல ஒரு தெளிவான விதியை எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது வீடுகள் அதிகம் இருக்கிற ஊர்களில் படுக்கை எண்ணும்போது அந்த வீடுகளையும் எண்ண வேண்டும்.

அந்த வாசகருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் இரண்டாவது வீடு இருக்கும் ஊரின் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போன் செய்து, ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கை எத்தனை, ஆம்புலன்ஸ் எத்தனை, அடுத்த பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். யார் போனை எடுத்தாலும் யோசிக்காமல் சொல்லுவார்கள், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த எண்கள் மனப்பாடம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்