எல் அனட்சுயிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய எல் அனட்சுயி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பாட்டில் மூடிகளைக் கம்பியால் கோத்து, துணிபோல மடிந்து தொங்கும் பெரும் சிற்பங்களைச் செய்யும் உங்களைப் பற்றி எழுதுகிற பலர் 'குப்பையிலிருந்து கலை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1990களின் இறுதியில், நைஜீரியாவின் என்சுக்கா அருகே நீங்கள் கண்டெடுத்த மூட்டையில் இருந்தவை மது பாட்டில்களின் அலுமினிய மூடிகள். ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. அதையும் விலையாகக் கொடுத்துத்தான் மனிதர்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். அப்படிப் போனவர்கள் கரீபியத் தோட்டங்களில் வெட்டிய கரும்பிலிருந்து ரம் வடித்தார்கள். மூன்று கண்டங்களின் பழைய கணக்கு ஒரு மூடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். குப்பை என்று சொல்லி எப்படிக் கடந்துபோக முடியும்?

உங்கள் படைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது மறைக்காத குணம். தூரத்தில் பொன்னும் சிவப்பும் கறுப்பும் மடிந்து விழும் பட்டாடை. கிட்டே போனால், தட்டி நிமிர்த்திய ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் சிறு துளைகள். அவற்றில் நுழைந்து முறுக்கிய செம்புக் கம்பி. பாட்டிலின் கழுத்தைச் சுற்றியிருந்த பட்டையை நீளவாக்கில் மடித்திருக்கிறீர்கள். மூடியின் தலையை வட்டமாகவே விட்டிருக்கிறீர்கள். மதுவின் பெயர் பாதி அறுபட்டு இன்னும் படிக்கக் கிடைக்கிறது. வண்ணமெல்லாம் மூடியோடு வந்ததுதான், நீங்கள் தீட்டியதல்ல. உதவியாளர்கள் பல மாதங்கள் உட்கார்ந்து கோத்த கைவேலை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

கானாவின் அன்யாகோவில் 1944இல் பிறந்த உங்கள் வீட்டில் தந்தையும் சகோதரர்களும் கென்டே என்னும் வண்ணத் துணி நெய்தார்கள். நீங்கள் தறியில் உட்காரவில்லை. 1970களில் சந்தைப் பெண்கள் பொருள் பரப்பி விற்கும் மரத்தட்டுகளை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவற்றில் குறிகள் பதித்தீர்கள். பிறகு உடைந்த பானைகள், சங்கிலி ரம்பம் அறுத்த மரப்பலகைகள். மூடிகள் திடீரென்று வந்த யோசனை அல்ல.

2007இல் வெனிஸில் ஃபோர்டூனி மாளிகையின் முகப்பிலேயே மூடிகளால் ஆன திரை ஒன்றைத் தொங்கவிட்டீர்கள். 2023இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் கப்பல் பாய் போல ஒரு பெரும் சிவப்புத் திரை. கரும்பின் கதையை அங்கே அந்தப் பாய் மிகச் சரியாகச் சொன்னது.

இவ்வளவுக்கும் மேலாக நான் வியப்பது, ஒரு படைப்பை அனுப்பும்போது அதன் இறுதி வடிவத்தை நீங்கள் கட்டளையிடாமல் விடுவதை. எங்கே மடிப்பது, எவ்வளவு தொங்கவிடுவது என்பதை மாட்டுகிறவர்களின் முடிவுக்கே விடுகிறீர்கள். தன் கையெழுத்தைக் கட்டிக் காக்கும் கலைஞர்கள் நிறைந்த உலகில், இப்படி நம்பிக் கொடுக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

அதனால்தான் ஒரு விண்ணப்பம். ஓர் அருங்காட்சியகம் முந்தைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு அதே மடிப்புகளை அப்படியே திரும்பப் போட்டால், நீங்கள் கொடுத்த சுதந்திரம் உறைந்துபோய்விடும். மதிப்பு கூடக் கூட, கைவைக்க அச்சமும் கூடும். ஆகவே படைப்போடு போகும் தாளில், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக மாட்ட வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள், ஐயா. வேண்டுகோளாக எழுதினால் போதாது.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் ரசிகன்